மாணவர் வேஷத்தில் போலீஸ்

திருத்தணிகை மலைமேல் எழுந்தருளியிருக்கும் முருகப் பெருமான், வள்ளியை நாடித் தினைப்புனம் சென்றபோது வேடனாகவும், வேங்கை மரமாகவும், கிழவனாகவும் வேஷம் பூண்டான் என்பது நம் குழந்தைகளும் அறிந்த கதை. தன் உண்மை உருவைக் காட்டிய பின்னரே அவன் அவளை மணந்தான் என்பதும் அக்கதையில் உள்ளதே. வேஷத்திற்கு ஓர் எல்லை உண்டு என்னும் இந்த நியாயத்தை இன்று வேறொரு விஷயத்தில் நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. மின்சார ரயிலில் சென்னை சென்று படிக்கும் இப்பகுதி இளைஞர்களைக் கல்லூரிச் சண்டைகளும் விட்டபாடில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், இப்பக்கத்தைச் சேர்ந்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே வேறொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு உயிர் நீத்தார். இவற்றைக் கண்டு மனம் நொந்த பெற்றோர், ‘இளம் போலீஸாரை மாணவர் வேஷத்தில் கல்லூரிக்குள் அனுப்பினால் என்ன?’ என்று கேட்பார்களாயின், அதை அலட்சியம் செய்வது முறையன்று.

யோசனை புதிதன்று. அமெரிக்காவில் 1987 முதல் 1991 வரை ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ என்னும் தொலைக்காட்சி நாடகம் நடைபெற்றது. பால் மணம் மாறாத முகமுடைய போலீஸார் மாணவர்களாகப் பள்ளிகளில் புகுந்து துப்பறிவதே அதன் கதை. ஜானி டெப் என்னும் நடிகர் பெயர் பெற்றது அதனால்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸாரோ, நாடகத்திற்கு முன்பே, 1974-லிருந்து இம்முறையைக் கையாண்டு வந்தனர். நாடகத்தில் ஒரு மணி நேரத்திற்குள் குற்றவாளி அகப்படுவான், தர்மம் ஜெயிக்கும். உலக வாழ்க்கை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

2012-இல் கலிபோர்னியாவின் டெமெக்யூலா நகரில் நடந்ததைக் கேளுங்கள். ஆட்டிசம் உடைய, நண்பர்களே இல்லாத பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனிடம், மாணவன் போல் வந்த போலீஸ் அதிகாரி சிநேகம் பூண்டார்; கஞ்சா வாங்கித் தரும்படி வற்புறுத்திப் பணமும் கொடுத்தார். கிடைத்த ஒரே நண்பனை இழக்க மனமில்லாத பையன், எங்கோ தேடி அற்ப அளவு வாங்கிக் கொடுத்தான், பள்ளியிலேயே கைதானான். இதைத் துப்பறிதல் என்று நாம் சொல்ல மாட்டோம். இல்லாத குற்றத்தை உண்டாக்கி, அதற்கே விலங்கிடுவது அது.

இதற்கு நேர் மாறான உதாரணம் நமது நாட்டிலேயே உண்டு. 2022-இல் இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் புது மாணவர்களை மூத்தவர்கள் கொடுமைப்படுத்துவதாக, பெயர் கூறாத புகார் வந்தது. அச்சத்தால் எவரும் வாய் திறக்கவில்லை. இளம் பெண் போலீஸ் ஒருவர் புத்தகப் பையுடன் மாணவிபோல் சென்று, சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து, பலருடன் பழகி, உண்மையை அறிந்தார். பதினொரு மூத்த மாணவர்கள் அடையாளம் காணப்பட்டுத் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். ராகிங்கைத் தடுக்க 1997-இலேயே சட்டம் செய்த தமிழ்நாடு, இச்செயலைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டிலும் வேஷம் ஒன்றே, வித்தியாசம் எங்கே? இந்தூரில் குற்றம் முன்பே இருந்தது. வேஷம் அதைக் கண்டது. டெமெக்யூலாவில் வேஷம் குற்றத்தை விதைத்தது. ஆகவே, காண்பதற்கு மட்டுமே வேஷம். தூண்டுவதற்கன்று என்பதே நமது முடிவு.

புதுவையில் பாரதியாரை அன்னிய சர்க்காரின் ஒற்றர்கள் இடைவிடாது தொடர்ந்ததைத் தமிழர் மறக்கவில்லை. இன்று ஆள்வோர் நம்மவர்கள். ஆயினும், கேள்வி கேட்பாரற்ற இரகசிய அதிகாரம் யார் கையில் இருந்தாலும் ஆபத்தே. கஞ்சாவைத் தேடி வந்த வேஷதாரி, நாளை மாணவர் சங்கத்தில் பேசுபவன் யார் என்று குறிப்பெடுக்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரும், ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்றார். அரசனுக்கே அவ்வளவு எச்சரிக்கை தேவையெனில், நீதிமன்றத்திற்கு அது எத்துணை அவசியம்!

எனவே, சர்க்கார் இம்முறையைக் கைக்கொள்ள விரும்பினால், முதலில் விதிகளை வகுத்து வெளியிடட்டும். குறிப்பிட்ட புகார் இன்றி ஒருவரையும் அனுப்பலாகாது. மாஜிஸ்திரேட்டின் எழுத்து மூலமான அனுமதியும், கால வரம்பும் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோர் பயிலும் பள்ளிகளில் இது அறவே கூடாது. மாணவர்களின் அரசியல் அபிப்பிராயங்களைக் குறித்து ஒரு வரியும் எழுதலாகாது. வேலை முடிந்ததும் முழு விவரமும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கேள்வி நிற்கிறது. வகுப்பில் ஒருவன் வாடுவதையும், ஒருவன் வழி தவறுவதையும் முதலில் அறிய வேண்டியவர் யார்? 1888-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் திருத்தணி. அவர் பிறந்த தினத்தையே தேசம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. மாணவனின் மனத்தை ஆசிரியர் அறிந்திருக்கும் கல்லூரியில் போலீஸார் வேஷம் போட்டு நுழைய வேண்டிய அவசியம் அரிதாகவே நேரும். ஆசிரியர்கள் விழித்திருக்கட்டும், பெற்றோரும் உடனிருக்கட்டும். ஒற்றர் கடைசி உபாயமாக இருக்கட்டும்.