கட்டி வந்த மீனும் கத்தி தேடிய கைகளும்



ஒரு தங்கமீனுக்காக ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் தயவுசெய்து படியுங்கள். நான் எழுத வந்தது மீனைப் பற்றி மட்டுமன்று.

எங்கள் பள்ளி கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டப்பள்ளிகளுள் ஒன்று. சுற்றிலும் செம்பனை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு விடுமுறை நாளில் ஒன்றுகூடி, அறிவியல் பாடத்திற்கென்று ஒரு சிறு குளம் கட்டித் தந்தார்கள். நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், நீரின் ஆழம் 40 செண்டிமீட்டர். அதில் ஆறு தங்கமீன்கள்.

அவற்றுள் ஒன்றின் வாலருகே பச்சைப்பயறு அளவில் ஒரு கட்டி தோன்றியது. இரண்டு மாதங்களில் அது மொச்சைக்கொட்டை அளவாயிற்று. அதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பாராதவர்கள் எல்லாம், பள்ளிக்கு விருந்தினர் வரப்போகிறார்கள் என்றவுடன் மீன் மருத்துவர்களாகிவிட்டார்கள்! ஒரே வாரத்தில் நான்கு வைத்தியங்கள் என் மேசைக்கு வந்தன. நான்கையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. "சவரக்கத்தியால் கீறிவிடுங்கள், ஐயா."

மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலமே அதன் முதற்காப்பு. அதைக் கிழித்துவிட்டு, கிருமிகள் நிறைந்த குளத்து நீரிலேயே மீனை விட்டால் புண் சீழ்பிடிக்கும். மீனுக்கு அறுவை செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜார்ஜ் என்னும் பத்து வயதுத் தங்கமீனின் தலையிலிருந்த கழலையைக் கால்நடை மருத்துவர் ஒருவர் அகற்றினார். அதற்கு மூன்று வாளிகள் தேவைப்பட்டன. ஒன்றில் மயக்கமூட்டும் நீர், ஒன்றில் மயக்கத்தை நீட்டிக்கும் நீர், மற்றொன்றில் மயக்கம் தெளிவிக்கும் தூய நீர். அறுவை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடந்தது. பயின்ற மருத்துவருக்கே இத்தனை ஏற்பாடு என்றால், நம் கைச் சவரக்கத்திக்கு என்ன தகுதி உண்டு?

2. "கடையில் நீலமருந்து விற்கிறார்கள், ஒரு புட்டி ஊற்றுங்கள்."

இந்தத் தவற்றைச் செய்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் தொட்டியில் காரணம் அறியாமல் மருந்தை ஊற்றினேன். மூன்று நாள்களில் நான்கு மீன்களும் மிதந்தன. பிறகுதான் படித்தறிந்தேன். தொட்டியின் கற்களிலும் வடிகட்டியிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. மருந்து அவற்றையும் அழிக்கக்கூடும். நோய்க்கு ஊற்றிய மருந்து நீரை நஞ்சாக்கிவிடுகிறது. பச்சை மருந்தான மாலக்கைட் கிரீனோ, உண்ணும் மீன்களுக்குப் பயன்படுத்தக்கூடாதென்று பல நாடுகள் தடைசெய்த பொருள். அதைச் சிறுவர்கள் கைவிட்டு அளையும் குளத்திலா கலப்பது?

3. "தூக்கி வாய்க்காலில் விட்டுவிடலாமே."

நம் தோட்டத்து வாய்க்கால் எங்கே போகிறது? சிலாங்கூர் ஆற்றுக்கு. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதைக் காண உலகமே வருகிறதே, அதே ஆற்றுக்கு. நோய் என்னவென்றே தெரியாத மீனை அங்கே அனுப்புவது கருணையன்று, பொறுப்பைக் கைகழுவுவது. தொட்டி மீன்களை ஆற்றில் விட்டதன் விளைவு என்ன என்று அறிய விரும்பினால், ஈக்கான் பண்டாராயா நம் ஆறுகளில் பெருகியிருப்பதைத் தூண்டில் போடுவோரிடம் கேளுங்கள்.

4. "குளத்தையே மூடிவிட்டால் தொல்லை இல்லை."

மீன்களை அகற்றிய குளத்தில் மழைநீர் தேங்கும். கொசுப்புழுவைத் தின்ன மீன் இராது. டிங்கியால் ஆண்டுதோறும் அல்லற்படும் சிலாங்கூர் மாநிலத்தில் இதுவா தீர்வு?

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் பார்ப்பது! நாங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தோம். மேடெல்லாம் நோயன்று என்பதை அவர்கள் முதலில் கற்றார்கள். ஒராண்டா, சிங்கத்தலை போன்ற வகைகளுக்குத் தலையில் வளரும் சதை, அவ்வினத்தின் இயல்பு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் செவுள்மூடியில் தோன்றும் வெண்புள்ளிகளும் இயல்பே. உடலிலிருந்து நூல்போல் தொங்குவது நங்கூரப்புழு என்னும் ஒட்டுண்ணி. வயிறு உப்பி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல்போல் சிலிர்த்து நின்றால், அது உள்ளுறுப்புக் கோளாறின் அடையாளம். மெல்ல வளரும் ஒற்றைக் கட்டி பெரும்பாலும் கழலை. தங்கமீன்களுக்குத் தோலில் கழலை வருவது அரிதன்று. மீன் இரையெடுத்து, இயல்பாக நீந்துமானால் கழலையோடும் பல காலம் வாழக்கூடும்.

அடுத்து நீர். தங்கமீன் குளிர்நீர் மீன். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் 7.5 தான். நம் ஊர் வெயிலில், நிழலற்ற ஆழமில்லாக் குளத்தில் மீன் மூச்சுத் திணறுவதில் வியப்பென்ன? போதாக்குறைக்கு, ஓய்வு நேரத்தில் எல்லா வகுப்பினரும் ரொட்டித் துண்டுகளை வீசினார்கள். அம்மோனியாச் சோதனைக் கரைசலை விட்டுப் பார்த்தபோது நிறம் மாறியது. அந்த நீர்தான் கட்டியை உண்டாக்கிற்று என்று நான் கூறவில்லை. ஆயினும் ஆறு மீன்களும் துன்புற்றுக்கொண்டிருக்க, ஒரு கட்டியை மட்டும் பார்த்து முகம்சுளித்தோம் என்பது உண்மை.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றினோம். நிழல் அமைத்தோம். ரொட்டியை நிறுத்தினோம். குளத்தின் கொள்ளளவு 800 லிட்டர் என்பதை மாணவர்களே கணக்கிட்டார்கள். உப்புப் போடலாமா என்றும் கேட்டார்கள். லிட்டருக்கு 1 கிராம் என்றால் 800 கிராம் வேண்டும். ஆனால் உப்பு கழலையைக் கரைக்காது, நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது என்று விளக்கினேன். எத்தனை பாடங்கள் பாருங்கள்!

ஓர் எச்சரிக்கை. மீன்களின் புண்களுக்கும் கட்டிகளுக்கும் காரணமாகும் கிருமிகளுள் ஒன்று, கையில் கீறல் உள்ள மனிதரையும் தொற்றித் தோலில் ஆறாப் புண்ணை உண்டாக்கும். எனவே புண்ணுள்ள கையைக் குளத்தில் விடவேண்டாம். மற்றவர்களும் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். கட்டி வெடித்தாலோ, மீன் இரை மறுத்தாலோ, மற்ற மீன்களுக்கும் பரவினாலோ தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். மீன்வளத் துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள். காப்பாற்ற இயலாதெனில், வலியின்றி முடிவளிக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது, நான் எழுத வந்ததற்கு வருகிறேன். அந்த வாரத்தில், பெரியவர்கள் நாங்கள் குளத்தருகே நின்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"ஐயா, கட்டி வந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்களா?"

"ஏன் கேட்கிறாய், அம்மா?"

"எங்கள் பாட்டிக்கும் கழுத்தில் கட்டி இருக்கிறது, ஐயா."

நாங்கள் அனைவரும் வாயடைத்துப் போனோம். நன்னெறிப் பாடத்தில் உயிர்களிடத்து அன்பு என்று கரும்பலகையில் எழுதுகிறோம். குளத்தருகே, அழகு குறைந்தால் அகற்றிவிடு என்று நடத்திக் காட்டுகிறோம். பிள்ளைகள் எந்தப் பாடத்தை நினைவில் வைப்பார்கள்?

விருந்தினர் வந்தார்கள், பார்த்தார்கள், சென்றார்கள். கட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கட்டி இன்றும் அப்படியே இருக்கிறது. மீனும் இருக்கிறது. காலையில் மாணவர்களின் நிழல் விழுந்தவுடன் முதலில் மேலே வருவது அதுதான்.

பள்ளிக்குளம் விருந்தினருக்கான அலங்காரமன்று. அது வகுப்பறை. சிந்திப்போம், அன்பர்களே!