தண்ணி போச்சு, சர்க்கரை இருக்கு: ஃப்ரீஸ் ட்ரை பழ பாக்கெட்டை எவ்வளவு நம்பலாம்?

மாலை 4 மணி, ஆபீஸில் டீ டைம். பஜ்ஜியும் பிஸ்கட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களின் கையில் இப்போது புதிதாக ஒரு பாக்கெட். உள்ளே மாம்பழத் துண்டுகள். கடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, வாயில் கரையும்போது அசல் மாம்பழ ருசி. 'சர்க்கரை சேர்க்கவில்லை, எண்ணெய் இல்லை' என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். அதைப் படித்துவிட்டு வாங்குபவர் மனதில் போடும் கணக்குதான் தப்பாகிறது.

ஐஸ் உருகாமலே ஆவியாவது எப்படி?

பழம் கெடுவதற்கு முக்கியக் காரணம் அதிலுள்ள தண்ணீர். மாம்பழத்தின் சதையில் சுமார் 83 சதவீதம் தண்ணீர், ஸ்ட்ராபெர்ரியில் 91 சதவீதம். பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருக அந்த ஈரம் வேண்டும். ஈரத்தை எடுத்துவிட்டால் பண்டம் நாள்பட இருக்கும் என்பது மோர் மிளகாய் போடும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்ததுதான். ஆனால் வெயிலிலோ சூடான காற்றிலோ காய்ந்தால் பழம் சுருங்கிக் கறுத்துவிடும். வைட்டமின் சி-யும் கணிசமாகப் போய்விடும்.

ஃப்ரீஸ் ட்ரையிங்கில் வழி வேறு. பழத்தைத் துண்டு போட்டு மைனஸ் 30, 40 டிகிரி வரை உறைய வைக்கிறார்கள். பிறகு காற்றுப் புகாத அறையில் அடுக்கி, பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். வெளியில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார் என்றால், அறைக்குள் 6 மில்லிபாருக்கும் கீழே. அந்த அழுத்தத்தில் தண்ணீரால் திரவமாக இருக்கவே முடியாது. லேசாகச் சூடு காட்டினால் போதும், ஐஸ் உருகாமல் நேரே ஆவியாகிவிடும். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே கரைந்து காணாமல் போகிறதே, பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படித்தது, அதேதான். ஐஸ் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்க, பழத்தின் வடிவமும் நிறமும் பெரிதாக மாறுவதில்லை. அந்த மொறுமொறுப்பு இந்தத் துளைகளால் வருவது. கடைசியில் மிஞ்சும் ஈரம் 2 முதல் 5 சதவீதம்.

இரண்டாம் உலகப் போரில் ரத்த பிளாஸ்மாவைக் கெடாமல் போர்முனைக்கு அனுப்பக் கைகொடுத்த முறை இது. மலிவான வேலை இல்லை. 1 கிலோ ஐஸை ஆவியாக்க மட்டுமே ஏறத்தாழ 0.8 யூனிட் மின்சாரம் வேண்டும். உறைய வைக்கவும் பம்ப் ஓடவும் ஆகும் செலவு தனி. 1 கிலோ காய்ந்த மாம்பழத்துக்குத் தோலும் கொட்டையும் நீக்கிய சதை 6 கிலோ போல உள்ளே போக வேண்டும். விலை ஏன் அப்படி என்பது புரியும்.

சின்ன பாக்கெட், முழு மாம்பழம்

இப்போது அந்தக் கணக்கு. 25 கிராம் பாக்கெட் என்பது கிட்டத்தட்ட 150 கிராம் மாம்பழச் சதை. அதில் சர்க்கரை சுமார் 20 கிராம், அதாவது நாலைந்து டீஸ்பூன். யாரும் சேர்த்ததில்லை, பழத்துக்கே உரியது. நார்ச்சத்தும் கூடவே இருப்பதால் இதைக் கோலாவோடு ஒப்பிடுவது அநியாயம். ஆனால் வயிற்றை நிரப்பும் தண்ணீர் போய்விட்டது. ஒரு மாம்பழத்தைத் தோல் சீவி, நறுக்கி, கொட்டையைச் சப்பி முடிக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். பாக்கெட் ஒரு போன் கால் முடிவதற்குள் காலி. 'ஹெல்த்தி தானே' என்று இரண்டாவதையும் பிரிப்பவர், டீ டைமில் உட்கார்ந்து இரண்டு மாம்பழம் சாப்பிடுவாரா? மாட்டார். ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். 'பார்டரில் இருக்கு' என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள்தான் இந்த பாக்கெட்டை ஆசையாகத் தேடுகிறார்கள் என்பது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

இன்னொரு நினைப்பும் தப்பு: ஃப்ரீஸ் ட்ரை செய்தால் கிருமி செத்துவிடும் என்பது. பல கிருமிகள் சாவதில்லை, உறங்குகின்றன. ஆய்வகங்களில் பாக்டீரியாவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதே இந்த முறையில்தான். எனவே பழத்தை எப்படிக் கழுவினார்கள், எங்கே நறுக்கினார்கள் என்பது முக்கியம்.

கடை அலமாரியில் இதன் பக்கத்திலேயே இருக்கும் 'வேக்யூம் ஃப்ரை' பலாச்சுளை, வாழைப்பழ சிப்ஸையும் பலர் இதுவென்றே வாங்குகிறார்கள். அது குறைந்த அழுத்தத்தில் எண்ணெயில் பொரித்தது. பின்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அங்கே பழத்தின் பெயர் ஒன்று மட்டும் இருந்தால் சரி. எண்ணெய், சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்று நீண்டால் அது வேறு சரக்கு.

ரயில் பயணத்துக்கு, மலையேற்றத்துக்கு, ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல் அறைக்கு இது அருமையான பொருள். சிப்ஸுக்குப் பதில் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஆபீஸ் வாசலிலேயே தள்ளுவண்டியில் கொய்யா கிடைக்கும்போது பழத்துக்குப் பதிலாக இதை வாங்குவதில் லாபம் இல்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. விலையும் பாக்கெட்டின் பக்கத்தில் வராது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு பாக்கெட்டை மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளலாம். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் திறந்து வைத்தால் எப்படியும் சீக்கிரமே நமத்துப் போய்விடும்.