தாங்குகிறவரை யார் தாங்குவது?



உங்க தெருவுல படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்க எத்தனை பேர்னு கேட்டா, உடனே விரல் விட்டு எண்ணிச் சொல்லிடுவீங்க. அவங்களைத் தூக்கி உட்கார வைக்கிறது யார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாங்கன்னு கேட்டா? கொஞ்சம் யோசிப்பீங்க. நம்ம கண்ணில் படாத அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் அது 18-ஐத் தாண்டும் என்கிறது ஒன்றிய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழு. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைப்பேற்றை அளவோடு வைத்தோம், ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி வந்தது, ஆயுள் கூடியது. இது நம்ம பெருமைதான். ஆனா அன்னைக்கு அஞ்சு பிள்ளைங்க பகிர்ந்த பாரத்தை இன்னைக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ சுமக்கிறாங்க. அதிலும் ஒருத்தர் திருப்பூர்லயோ துபாய்லயோ இருப்பார்.

அப்போ வீட்டில் மிச்சம் இருக்கிறது யார்? மகள். மருமகள். இல்லன்னா, தானே எழுபதைத் தொட்ட மனைவி. 2019-ல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். குழந்தைகள், நோயாளிகள், முதியவர்கள் என்று வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்க மேலும் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். அந்த வேலையையே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டாங்க.

"பெத்தவங்களைப் பார்த்துக்கிறதுக்கு அரசாங்கம் காசு கொடுக்கணுமா? இது நம்ம கடமை இல்லையா?" என்று சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். கடமை இல்லைன்னு நாமும் சொல்லவில்லை. ஆனால் மாமியாரைப் பார்த்துக்க மில் வேலையை விட்ட பெண்ணுக்குச் சம்பளமும் போச்சு, பி.எஃப்பும் போச்சு. மாசா மாசம் டயப்பர், மருந்து, சத்து மாவு என்று செலவு மட்டும் கூடிக்கிட்டே போகுது. தூக்கித் தூக்கி இடுப்பும் போச்சு. நாளைக்கு அவங்க வயதாகிப் படுக்கும்போது கையில் என்ன இருக்கும்? கடமை குடும்பத்துக்குன்னா, அதைச் செய்றவங்க நொடிஞ்சு போகாம பார்த்துக்கிற கடமை அரசுக்கு உண்டு.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பெரியவர்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது அது. தேவையான சட்டம்தான். ஆனால் கைவிடாமல் பத்து வருஷமாப் பார்த்துக்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? ஒண்ணுமில்லை. தூக்கமில்லாமல் சலித்துப்போன வீட்டில்தான் பெரும்பாலும் பெரியவர்கள் மீது முதல் கோபம் வெடிக்கிறது. அந்தச் சலிப்பைக் குறைத்தாலே முதியோருக்குப் பாதி பாதுகாப்பு வந்துவிடும்.

அதனால் நாம் நான்கு விஷயங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, ஓய்வூதியம். மாநில அரசு முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது. ஒன்றிய அரசின் பங்கு? 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. அந்த 200 ரூபாய் 2007-லும் 200-தான். அன்னைக்கு இருந்த விலைவாசியா இன்னைக்கு இருக்கு?

இரண்டு, பராமரிப்பாளர் உதவித்தொகை. பக்கத்து கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் "நீ செய்றது வேலை"ன்னு ஒரு அரசு ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். தமிழ்நாடு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

மூன்று, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, இயன்முறை சிகிச்சை தருகிறது. நல்லதை யார் செய்தாலும் நல்லதுன்னு சொல்லணும். வாசல் வரை வந்த அரசு இன்னும் ஒரு அடி உள்ளே வரட்டும். பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒரு நாள் பொறுப்பை வாங்கிக்கொண்டால், அந்த வீட்டுப் பெண் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரலாம், தன் உடம்பைக் காட்டி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு, விடுப்பு. ஒன்றிய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை வளர்ப்புக்கு 730 நாள் விடுப்பு உண்டு. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் அப்படி ஒரு விடுப்பு வேண்டும், ஆண், பெண் இருவருக்கும். தினக்கூலிக்காரர் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அன்றைய கூலி போகிறது. நலவாரியங்கள் வழியாக அதற்கும் ஒரு ஈடு வேண்டும்.

கோரிக்கையோடு நிறுத்தினால் போதாது. தோழர்களே, இன்றே செய்யக்கூடியவை இவை:

• 14567. முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை. உங்க தெருவில் எல்லார் போனிலும் பதிவு செய்து கொடுங்க.

• சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதப்போகும் பெரியவர்களிடம், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைச் செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க. பிள்ளைகள் அதை மீறினால், 23-வது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

• ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெரியவரே மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மனு எழுதத் தெரியாதவருக்கு நீங்க எழுதிக் கொடுங்க, கூடப் போங்க.

• ஒவ்வொரு கிளையிலும் இப்படிப்பட்ட வீடுகளைப் பட்டியல் எடுங்க. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் போய் உட்காருங்க. கட்டிலை நகர்த்தணுமா, மருந்து வாங்கணுமா, கேட்டுச் செய்யுங்க.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: படுக்கையில் இருப்பவரோட போட்டோ எடுத்துப் போடாதீங்க. துண்டு, கொடி எதுவும் வேண்டாம். அவங்க நம்ம பிரச்சாரப் பொருள் இல்லை.

கடைசியா, தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. மாசம் பணம் அனுப்புறதோட மகன் கடமை முடிஞ்சிடாது. இன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு நீங்க முழிச்சிருங்க. உங்க அக்காவோ மனைவியோ ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கட்டும்.

#தாங்குவோரைத்_தாங்குவோம்