எருக்கைப் பிடுங்கியவர்கள்

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, கல்லூரி வேலியோரம் நின்ற எருக்கஞ்செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தோம். பிடுங்கியவர்களுள் நானும் ஒருவன். "விஷச் செடி, யாருக்கும் பயன்படாது" என்றார்கள், நம்பினேன். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட மட்டும் தேடிப்போகும் செடிதானே! அன்று மாலை அந்தக் குவியலருகே சென்றபோது, வாடிய இலைகளின்மேல் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியிட்ட புழுக்கள் போக்கிடமின்றி ஊர்ந்துகொண்டிருந்தன. 'யாருக்கும் பயன்படாது' என்ற சொல் அப்போது சுட்டது.

அவை வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். எருக்கும் அதன் உறவுச் செடிகளுமே அவற்றின் உணவு. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள் உள்ளன. நம் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொணரும் நொதி ஒன்று உண்டு. இந்நஞ்சு அதைப் பிடித்து நிறுத்திவிடும். மாடுகள் எருக்கை ஒதுக்குவது வீணுக்கல்ல.

புழுவோ அந்த இலையைத்தான் உண்கிறது. எப்படி என்பதைச் சற்றுப் பொறுமையுடன் நின்றால் நாமே பார்க்கலாம். வளர்ந்த புழு முதலில் இலையின் நடுநரம்பைக் கடித்துப் பால் வரும் வழியை அடைக்கிறது. இலை தொங்கிப்போகும், பிறகு பால் வற்றிய பகுதியைச் சாவகாசமாய்த் தின்னும். செடியும் ஏமாளியல்ல. முட்டையை விட்டு வந்த சிறு புழுக்களிற் பல முதற்கடியிலேயே பாலில் ஒட்டி மடிவதை, எருக்கின் உறவுச் செடிகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பிழைத்தவை நஞ்சைத் தாங்குவதோடு நில்லாமல், அதை உடலில் சேர்த்தும் வைக்கின்றன (எல்லாப் பூச்சியிலும் ஒரே அளவு சேர்வதில்லை). தின்ற பறவை வாந்தியெடுத்து, மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப்போகும். சங்ககிரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாய்த் தோன்றவில்லை. மைசூர்ப் படையைக் காத்த மதில்களே பின்னாளில் கும்பினிப் படையைக் காத்தன. 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் அங்கேதான்.

எருக்கு வெட்டுக்கிளியையும் சொல்லவேண்டும். மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த அந்த அழகனின் குஞ்சைப் பிடித்துப் பாருங்கள்; சில அங்குல தூரம் திரவத்தைப் பீய்ச்சும். அதன் இனத்து வெட்டுக்கிளி ஒன்று உணவுச்செடியின் இதய நஞ்சையே தன் திரவத்தில் சேர்ப்பதை 1967-இல் வெளியிட்டவர்களுள் ரைக்ஸ்டைன் ஒருவர். 1950-இல் நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சியிலும் இந்நஞ்சு இருப்பதை மறு ஆண்டே அவர் குழுவினர் காட்டினர். முன்சொன்ன நொதியின் ஓர் அமினோ அமிலம் மொனார்க்கில் மாறியிருப்பதால் நஞ்சு அதைப் பிடிக்க முடிவதில்லை என்பது 1990-களில் தெரியவந்தது.

நாமும் மொனார்க்கைப் படிக்கிறோம், படம் வரைகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். அதன் உறவுக்காரப் பூச்சி விடுதிக்குப் பின்னால் பறக்கிறது என்பதை மூன்றாண்டுகளில் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. தாவரவியலார் எருக்கோடும் விலங்கியலார் புழுவோடும் நின்றுகொள்கிறோம். இரண்டு துறையும் சேர்ந்து ஒரு காலைப்பொழுதை வேலியோரம் செலவிட்டால், பாடநூலின் ஒரு அத்தியாயமே அங்கு நடப்பதைக் காணலாம். கருவி ஏதும் வேண்டாம், ஒரு கைலென்சு போதும்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மை. நடைபாதையில் இருப்பதை எடுத்துவிடலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வடக்கு வேலிக்கு அப்பால் யார் காலிலும் படாமல் நிற்பவற்றை ஏன் தொடவேண்டும்? போன மழைக்குப் பின் அங்கே நான்கைந்து செடிகள் மீண்டும் தழைத்திருக்கின்றன. இவ்வாண்டு முகாமுக்கு மண்வெட்டி எடுப்பவர்கள், வெட்டுமுன் இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.