திறந்த தரவும் பூட்டிய மொழியும்

“இணையத்திற்கு எல்லையில்லை, அரசின் தரவுகளெல்லாம் அதிற் கொட்டிக் கிடக்கின்றன, வேண்டியவர் வேண்டியதை அள்ளிக் கொள்ளலாம்” என்று தில்லியாட்சியர் முழங்குகின்றனர். 2012-ஆம் ஆண்டில் நடுவணரசு தரவுப் பகிர்வுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. திறந்த தரவுக்கென ஓர் இணையத்தளமும் அவ்வாண்டே தொடங்கிற்று. நன்று! ஆனால் அக்கதவு யாருக்குத் திறந்தது? எம்மொழியில் திறந்தது? விடை தேடுவார் தில்லிக்குப் போகவேண்டா. மீஞ்சூருக்கு வந்தாற் போதும்.

மீஞ்சூர் ஒன்றியத்தின் கீழைக் கரையில், காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை, மீனவச் சிற்றூர்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒருபால் கடல், மறுபால் கழியும் ஏரியும். இரண்டையும் நம்பி வாழும் இம்மக்களின் வாயிலில், 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகம் நிற்கின்றது. அதனை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிப்பதற்கு ஒரு திட்டம் வகுத்தனர். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரி 22-இல் நடக்குமென்றனர், ஒத்திவைத்தனர். 2023 செபுதம்பர் 5-இல் என்றனர், மீண்டும் ஒத்திவைத்தனர்.

கூட்டம் எந்நாளில் என்பதன்று இங்கு வினா. கூட்டத்திற்கு வரும் மீனவன் எதைப் படித்துவிட்டு வருவான் என்பதே வினா. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் மொழியில் தரப்படுவது சுருக்கம் மட்டுமே. அச்சுருக்கமும் பத்துப் பக்கத்திற்கு மேற்படலாகாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கையோ ஆங்கிலத்தில்! கரை எங்கே அரிக்கும், மணல் எங்கே சேரும், தூர்வாரிய மண் எங்கே கொட்டப்படும் என்பனவெல்லாம் அம்முழு அறிக்கையின் அட்டவணைகளிலும் வரைபடங்களிலுமே உள்ளன. அவற்றுள் எதைச் சுருக்கத்தில் வைப்பது, எதை விடுப்பது என முடிவு செய்பவர் யார்? திட்டத்தால் ஊதியம் பெறுவோரே! அவர் அளந்து ஊற்றும் கஞ்சியைக் குடித்துவிட்டு, முப்பது நாளுக்குள் மீனவன் மறுப்புரைக்க வேண்டுமாம்.

முழுத் தரவையும் மண்ணின் மக்கள் ஏன் பார்க்கவேண்டும்? அண்டையிலுள்ள எண்ணூர் இதற்கு விடை கூறும். 1996-இல் நடுவணரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில், கொற்றலையாற்றுக் கழிமுகம் காக்கவேண்டிய நீர்ப்பரப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. 1997-ஆம் ஆண்டினது என்று பின்னர்க் காட்டப்பட்ட வேறொரு படத்திலோ அந்நீர்ப்பரப்பையே காணோம்! கண்ணெதிரே ஓதம் ஏறி இறங்கும் கழி, தாளில் மட்டும் மறைந்து போயிற்று. 2017-இல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு கேட்டறிந்த பின்னரே, ஒப்புதல் பெற்றது 1996-ஆம் ஆண்டுப் படமே என்பது வெளிப்பட்டது. இருபதாண்டுகள் ஓடிவிட்டன! அப்படத்தைத் தமிழ்ப் பெயர்களுடன் ஊர்நடுவே ஒட்டியிருந்தால், எண்ணூர்க் குப்பத்துச் சிறுவனே “கழி எங்கே?” என்று கேட்டிருப்பான். தரவைத் திறப்பது அழகுக்கன்று, பிழை திருத்துவதற்கு. மண்ணையும் நீரையும் அறிந்தவனே அப்பிழையைக் காண வல்லவன். அவன் மொழியை விலக்குவது, பிழை காணும் கண்ணையே கட்டுவதாகும்.

எல்லையில்லா இணையத்திற்கு எல்லைகள் உள்ளன என்க. இந்திய அரசின் தளங்கள் பல அயல்நாட்டிலிருந்து திறப்பதேயில்லை. பிழைப்பிற்காகக் கடல் கடந்தவன் தன் ஊர்ச் செய்தியை அங்கிருந்து காண இயலாது. அது நாட்டெல்லை. ஊரிலேயே இருப்பவன் முன்னும் ஓர் எல்லை நிற்கின்றது. அது மொழியெல்லை. முன்னதினும் பின்னதே கொடிது. தன் மண்ணிலேயே ஒருவனை அயலானாக்குவது அன்றோ அது!

இது சட்டம் அறியாத கோரிக்கையன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் நான்காம் பிரிவில், அரசு வெளியிடும் செய்திகளுக்கு அவ்வப் பகுதியின் மொழியைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்கின்றது. 1956-ஆம் ஆண்டிலேயே தமிழ் இம்மாநில ஆட்சிமொழியாயிற்று. 2020-இல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டபோது, எட்டாம் அட்டவணை மொழிகளிலெல்லாம் அதனைப் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவணரசு என்ன செய்தது? பெயர்ப்பதை விட்டு உச்சநீதிமன்றத்திற்கு ஓடிற்று! ஒரு வரைவைத் தமிழிற் பெயர்ப்பதினும் வழக்காடுவது எளிதாயிற்று அவர்க்கு.

“தமிழிற் கலைச்சொல் இல்லை” என்பர். அலைக்கும் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் மீனவன் வாயில் வழங்கும் சொற்களை ஒருநாள் கேட்டறிந்தவர் அவ்வாறு கூறார். “கணிப்பொறிக்குத் தமிழ் ஒவ்வாது” என்பர். தமிழெழுத்து ஒருங்குறியில் இடம்பெற்றது 1991-இல். தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது 1999-இல். “பொறியே பெயர்த்துத் தருமே” என்பர். அப்பெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்து ஓர் ஊர் கெட்டால் பொறுப்பேற்பவர் யார்? ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டங்களை 24 மொழிகளில் வெளியிடுகின்றது. அங்கு இயல்வது, கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு இங்கு இயலாதாம்!

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை உண்டு. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை உரியோர் கூடிச் சீட்டெடுத்து வகுப்பர். உரியவருள் எவரும் ‘அறியேன்’ எனற்கு இடமில்லை. எல்லாம் அவர்தம் மொழியிலேயே நிகழ்வது. திறந்த தரவு என்பதன் பொருளை ஏரிக்கரை அறிந்திருக்கின்றது, கோட்டையே அறியவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்துவது தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எனவே பழியைத் தில்லியின்மேல் மட்டும் சுமத்திவிட்டு, மேடைதோறும் தமிழ் வாழ்க என்போர் தப்பவியலாது. முழு அறிக்கையும், அதன் அட்டவணையும் வரைபடமும் தமிழில் வரட்டும். அவை ஊர்தோறும் படிக்கப்படட்டும். முப்பது நாள் கணக்கு, தமிழறிக்கை வந்த நாளிலிருந்தே தொடங்கட்டும். அதுவரை எக்கூட்டமும் கருத்துக் கேட்பாகாது. கையொப்பம் பறிப்பே ஆகும்.

தமிழுரிமை புலவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. வலையும் படகும் காக்கும் கருவி அது. மீஞ்சூர்க் கரை அதனைக் கேட்கும் நாளில், தமிழர் யாவரும் அதன் பக்கல் நிற்பாராக!