மக்களின் பதிவேடு விற்பனைச் சரக்கல்ல!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. கொழுந்து ஏற்றும் வண்டிக்காரருக்கும், ஆளேற்றும் ஜீப் டிரைவருக்கும் இந்த வளைவுகளில்தான் பிழைப்பு. அவர்களுடைய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறினால் வாடகை ஏறும். கடைசியில் தோட்டத் தொழிலாளியின் மடியில்தான் கை வைக்கும்.

அடிபட்டவருக்கு நஷ்டஈடு தரும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். அதன் கட்டணத்தை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. வண்டியின் சேதத்துக்கான கட்டணமோ 2007 முதல் கம்பெனிகளின் கையில் விடப்பட்டது. எவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட அவர்களுக்கு விவரங்கள் வேண்டும். அவை எங்கே கிடைக்கும்?

வண்டிப் பதிவுக்கும் லைசென்ஸுக்குமாக மக்கள் சர்க்காரிடம் கொடுத்த விவரங்கள் ‘வாகன்’, ‘சாரதி’ என்ற பதிவேடுகளில் உள்ளன. இவை 87 தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன என்றும், 65 கோடி ரூபாய் வருமானம் வந்தது என்றும் 2019 ஜூலையில் மந்திரி நிதின் கட்கரி மாநிலங்களவையில் தெரிவித்தார். கண்டனம் எழுந்தது, மொத்தமாக விற்கும் அந்தக் கொள்கை 2020-ல் கைவிடப்பட்டது.

2021 ஜனவரியில் மற்றொரு யோசனை வந்தது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு, போலீஸ் பதிவு செய்யும் போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி போட்டு, அதற்கேற்பக் கூடுதல் பிரீமியம் வசூலிக்கச் சொன்னது. குடித்து ஓட்டினால் 100 புள்ளி. தவறான இடத்தில் நிறுத்தினால் 10.

குடித்து ஓட்டுகிறவன் கூடுதலாகக் கட்டட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. சாலையோரம் நடந்து வேலைக்குப் போகிறவர்கள் நம் மக்களே. ஆனால் அதிக பாரம் ஏற்றச் சொன்னது யார்? டிரிப்புக்கு டிரிப் விரட்டியது யார்? புள்ளி வண்டியின் மேல் விழுந்தால், முதலாளி அதைக் கூலி டிரைவரின் சம்பளத்தில் பிடிக்க மாட்டாரா? தடுப்புச் சுவர் இல்லாத வளைவுக்கும், மழையில் சரியும் மண்ணுக்கும் அந்தப் பதிவேட்டில் புள்ளி உண்டா?

ஆகவே நாம் கோருகிறோம்: மக்கள் தந்த விவரங்களை லாபத்துக்கு விற்கக் கூடாது! கட்டணத்தின் கணக்கைக் கம்பெனிகள் பகிரங்கப்படுத்த வேண்டும்! தன் பதிவைப் பார்க்கவும், தவறைத் திருத்தவும் ஒவ்வொரு டிரைவருக்கும் உரிமை வேண்டும்! மூன்றாம் நபர் கட்டணத்தைத் தனியார் இஷ்டத்துக்கு விடக் கூடாது!

1973-ல் தேசியமயமான ஜெனரல் இன்ஷூரன்ஸ் மக்களின் சொத்து. அதில் சர்க்காரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்க 2021-ல் சட்டம் வழிவிட்டது. அந்த வழியை அடைக்க, தோட்டத் தொழிலாளரும் டிரைவர்களும் ஓரணியில் திரளட்டும்!