அம்மாவும் உள்ளே வரட்டும்!

சகோதரிகளே, பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது நாம் எங்கே நிற்கிறோம்? யோசித்துப் பாருங்கள். என்னைப் போல் பத்தாவதோடு நின்றவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே, மரத்தடியில்தான்!

எங்கள் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி - ஓசூர் பெருஞ்சாலையில் இருக்கிறது. முன்பெல்லாம் மாந்தோப்பும் கேழ்வரகுக் காடும்தான். இப்போது கம்பெனிகள் வந்துவிட்டன. பொழுது விடிந்தால் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த பெண் அடுத்த மாதமே சம்பளம் வாங்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அவள் அம்மாவுக்கு மாங்காய் மண்டியில் கூலி வேலை. "படிச்சு இன்னாக்கா ஆவப்போவுது? பஸ் வாசலுக்கே வருது. இவளுக்குக் கீழே இன்னும் ரெண்டு இருக்குதே" என்றாள். தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டு அடுப்பு அவளுக்குத்தானே தெரியும்?

அந்தச் சமயம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி. 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 2022-ல் தமிழக அரசு தொடங்கியது இது. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், என்ன உதவி உண்டு என்று பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். "சும்மா கேட்டுட்டு வரலாம், வா" என்று தாயையும் மகளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

கேட் வந்ததும் தாய் நின்றுவிட்டாள். "நீங்க போங்கக்கா. நான் இப்படியே நிக்கறேன்." பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

வழிகாட்ட நின்ற ஒரு கல்லூரி மாணவி ஓடி வந்தாள். "எங்கம்மாவும் இங்கதாம்மா நின்னாங்க. உள்ளே வாங்க, உங்களுக்குத்தான் சொல்றாங்க" என்று கையைப் பிடித்து முன் வரிசையில் உட்கார வைத்தாள். தன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் தானே என்றாள். இங்கிலீஷ் பாடம் புரியாமல் முதல் மாதம் ஓடிப்போகப் பார்த்ததையும், மேல் வகுப்பு அக்காக்கள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னாள். "கம்பெனி எங்கேயும் ஓடிடாதும்மா. மூணு வருஷம் கழிச்சு அதே கம்பெனியில நல்ல உத்தியோகத்துக்கே போகலாம்" என்றாள்.

கடைசியில் நம் மண்டிக்காரம்மா எழுந்து, "காலை பஸ் தவறி லேட்டா வந்தா வெளியே அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டாளே பார்க்கணும்! சிலர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. எந்த ஊர், எத்தனை மணி பஸ் என்று விசாரித்துப் பதில் சொன்னார். அந்த நிமிஷமே பெண்ணின் படிப்பு முடிவாகிவிட்டது என்பேன்.

அன்று தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வர வகை செய்தது, 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம். சம்பளத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் நோட்டுக்கும் புத்தகத்துக்கும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாமே!

இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புக்கு அரசு கலந்தாய்வில் இடம் கிடைத்தால், 'முதல் பட்டதாரி' சான்றிதழ் காட்டிக் கல்விக் கட்டணச் சலுகை கேட்கலாம். 2010-லிருந்து வந்த ஏற்பாடு. தாத்தா பாட்டி முதல் கூடப் பிறந்தவர் வரை வீட்டில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். சாதி, வருமானச் சான்றிதழ்களையும் ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இப்படிக் கூட்டம் என்றால் நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம்?

அன்று வெளியே நின்றவள் இப்போது மண்டியில் மாங்காய் பிரித்துக்கொண்டே மற்றப் பெண்களிடம் சொல்கிறாள்: "போய்க் கேளுடி. கேட்டா சொல்றாங்க. உக்கார நாற்காலியும் போடறாங்க!"